நுலுன்புய்: குத்தகை நிலத்தில் ஒரு சுரங்க ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு ஆஸ்திரேலியாவில், ஆர்னம் லாந்தின் வடகிழக்கு முனையில், அலுமினியம் எடுக்க உதவும் பாக்சைட் தாதுவுக்காகவே எழுந்த ஊர் நுலுன்புய். மூன்று ஆண்டு அங்கே குடியிருந்தேன். அந்தப் பக்கம் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மெல்போர்னிலிருந்து விசாரிக்கும் நண்பர்களும் சரி, ஊரிலிருந்து போனில் பேசும் சித்தப்பாவும் சரி, கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட சொற்களிலேயே இருக்கின்றன.

இந்த ஊர் எங்கே இருக்கு? டார்வினுக்குப் பக்கமா?

பக்கமில்லை. இரண்டும் வடபிரதேசம் (நார்தர்ன் டெரிட்டரி) என்ற ஒரே பிரதேசத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். டார்வினிலிருந்து கிழக்கே விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தரை வழியாகப் போனால் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கேத்தரின் ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிகிற சென்ட்ரல் ஆர்னம் ரோடு சுமார் 700 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் சாலை. மழைக்காலத்தில் ஆறுகள் ஏறிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அரிசி, பருப்பு, கார், சிமென்ட் எல்லாம் டார்வினிலிருந்து தட்டைப் படகில்தான் வந்து சேரும்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே புதுச்சேரி எவ்வளவு தூரமோ, தெற்கே நுலுன்புய் ஏறத்தாழ அவ்வளவு தூரம். அதனால் வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியவையே. மழை மட்டும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,267.

பேரை எப்படிச் சொல்றது? 'கோவ்'னு சொல்றாங்களே, அது வேற ஊரா?

ஒரே இடம்தான். தீபகற்பத்தின் பெயர் கோவ். இரண்டாம் உலகப் போரில் 1943இல் இறந்த ஒரு ஆஸ்திரேலிய விமானப்படை வீரரின் பெயர் அது. அங்கே போர்க்கால விமானதளம் இருந்தது. விமான நிலையத்துக்கு இன்றும் கோவ் என்றே பெயர். ஊருக்கும் அதையே வைக்கப் பார்த்தார்கள். அந்த மண்ணுக்குரிய மக்கள், இந்த இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்று 1968இல் மனுக் கொடுத்து, நுலுன்புய் என்ற பெயரை நிலைநாட்டினார்கள். ஊரை ஒட்டி நிற்கிற குன்றின் பெயர் நுலுன்.

உச்சரிப்பு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்த மக்களின் மொழிகளில் ந, ன, ண மூன்றும் வெவ்வேறு ஒலிகள். நுலுன்புய்யின் முதல் எழுத்து நம் 'ந' போல நாக்கு பல்லைத் தொட்டு வருவது. ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். அந்த மக்கள் தங்களை யோல்ஙு என்று சொல்கிறார்கள். அரிச்சுவடியோடு நாம் விட்டுவிட்ட 'ஙு' அங்கே நாள் முழுக்கக் காதில் விழும்.

சுரங்கம்னா பூமிக்கு அடியில இறங்கி வேலை பார்க்கணுமா?

வேண்டாம். பாக்சைட் மேல்மண்ணுக்குக் கீழேயே சில மீட்டர் கனத்தில் படுத்திருக்கிறது. கையில் அள்ளினால் பட்டாணி அளவு செம்பழுப்புக் கூழாங்கற்கள்; உள்ளங்கையில் செங்கல் தூள் போல ஒட்டும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டி மேட்டூருக்கு அனுப்பினார்களே, அதே வகைத் தாதுதான். காட்டை வெட்டி, மேல்மண்ணை ஒதுக்கி, தாதுவை அள்ளி, மண்ணை மறுபடி பரப்பி, அந்தப் பக்கத்து மரங்களின் விதைகளையே விதைக்கிறார்கள்.

அள்ளிய தாது ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளமுள்ள கன்வேயர் பெல்ட்டில் துறைமுகப் பக்கம் போகும். அங்கே 1972 முதல் அலுமினா ஆலை ஓடியது. நான்கு டன் பாக்சைட்டிலிருந்து சுமார் இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம் என்பது தோராயக் கணக்கு. ஆலை 2014இல் நின்றுவிட்டது. இப்போது தாது அப்படியே கப்பலேறுகிறது.

அங்கே போக விசா மாதிரி ஏதோ பர்மிட் வாங்கணுமாமே?

விமானத்தில் வந்து ஊருக்குள் மட்டும் இருந்தால் எதுவும் வேண்டாம். சாலை வழியாக வந்தால், அந்தச் சாலை முழுக்கப் பழங்குடி மக்களின் நிலத்தின் வழியே வருவதால், நில உரிமையாளர்கள் சார்பில் இயங்கும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள கடற்கரைகள், முகாமிடும் இடங்களுக்கு டிமுர்ரு என்ற யோல்ஙு அமைப்பு தனி அனுமதி தருகிறது. 1992இல் அவர்களே தொடங்கிய அமைப்பு அது. ரேஞ்சர்களும் அவர்களுடைய ஆட்களே.

சிலர் இதைக் கெடுபிடியாக நினைக்கிறார்கள். அடுத்தவர் தோப்புக்குள் இறங்குமுன் வாசலில் நின்று குரல் கொடுக்கிறோமே, அந்த மரியாதைதான் இது. வாங்குவதும் கஷ்டமில்லை.

நிலம் யாருடையது? அரசாங்கம் அவங்களுக்கு இனாமா கொடுத்ததுதானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். தலைகீழாகக் கேட்கிறார்கள் என்பேன். நிலம் யோல்ஙு மக்களுடையது. ஊர் குத்தகைக்கு இருக்கிறது. சுரங்கமும் குத்தகைக்கு இருக்கிறது. இந்தப் பகுதிக்கு உரிமை சொல்லும் குலங்களில் குமாட்ஜ், ரிராட்ஜிங்கு, கால்ப்பு முக்கியமானவை.

வெள்ளையர் வருவதற்கு வெகு முன்பிருந்தே அவர்கள் வெளியுலகத்தோடு கணக்கு வழக்கு வைத்திருந்தவர்கள். இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் பக்கமிருந்து ஒவ்வொரு ஆண்டும் காற்று திரும்பும்போது பாய்மரக் கப்பல்கள் வந்து, கடலட்டை பிடித்து, உலர்த்தி எடுத்துப் போயின. 1900களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் அதை நிறுத்தும்வரை இது நடந்தது. பணத்துக்கு யோல்ஙு சொல் 'ருப்பியா', அந்த வணிகத்தில் வந்தது. நம் ரூபாயின் உறவு. வெள்ளையருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பலாண்டா'. இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர் என்கிறோமே, அதே 'ஹாலண்டர்' என்ற சொல் மக்காசர் வாய்வழி இப்படி மாறியது. இதை முதலில் கேட்டபோது சிலிர்த்துப் போனேன்.

1963இல் ஆஸ்திரேலிய அரசு, பழங்குடியினருக்கு ஒதுக்கியிருந்த நிலத்திலிருந்து 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்துச் சுரங்கத்துக்கு ஒதுக்கியது. அங்கேயே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கொடுத்தது' என்ற பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் நடந்தது எடுத்தது.

மரப்பட்டையில மனு எழுதினாங்கன்னு படிச்சேன். அது என்ன கதை?

நுலுன்புய்யிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் யிர்க்கலா என்ற யோல்ஙு ஊர் இருக்கிறது. 1935இல் மெதடிஸ்ட் மிஷன் அங்கே வந்தது. நிலம் வெட்டி எடுக்கப்பட்ட செய்தி தெரிந்ததும் அங்கிருந்த பெரியவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு எழுத முடிவு செய்தார்கள். வாசகத்தைத் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களின் ஓவியங்களைத் தீட்டினார்கள். அந்த ஓவியம் அலங்காரத்துக்கு இல்லை. எந்தக் குலம் எந்த நிலத்துக்கு உரியது என்று சொல்வது அந்தக் கோலம்தான். நம் ஊரில் பட்டா செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது.

மனுவில் சொன்னது நேரடியானது. எங்களிடம் மறைத்து நிலத்தை எடுத்தீர்கள். 500 பேருக்குப் பக்கமாக இங்கே வாழ்கிறோம். தொன்றுதொட்டு இங்கேதான் வேட்டையாடி உணவு தேடுகிறோம். எங்கள் புனித இடங்கள் இதற்குள் இருக்கின்றன. டார்வின் நிலத்துக்குரிய லராக்கியா மக்களுக்கு நேர்ந்த கதி எங்களுக்கும் நேருமோ என்று அஞ்சுகிறோம். 1963 ஆகஸ்ட் 14 அன்று முதல் மனு கான்பெராவில் வைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்கள் இளைஞர்கள், அவர்கள் எல்லோருக்காகவும் பேச முடியாது என்று அமைச்சர் கேள்வி எழுப்பினார். உடனே பெரியவர்களின் கட்டைவிரல் ரேகையோடு இன்னொன்று போனது. ஆகஸ்ட் 28 அன்று அதுவும் அவையில் வைக்கப்பட்டது. நாடாளுமன்றக் குழு ஒன்று யிர்க்கலாவுக்கே வந்து கேட்டு, இழப்பீடும் புனித இடங்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுரங்கம் நிற்கவில்லை. அந்த இரண்டு பட்டைகளும் இன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன. மொத்தம் நான்கு தயாரித்தார்கள். தனியார் வீட்டில் இருந்த நான்காவது, 2023இல் யிர்க்கலாவுக்குத் திரும்பி வந்தது.

யிர்க்கலாவின் புக்கு-லர்ங்கை முல்கா கலை மையத்தில் ஒரு பட்டை உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் மரத்தில் நீரோட்டம் இருக்கும்போதுதான் பட்டை உரிந்து வரும். நெருப்பில் வாட்டி, பாரம் வைத்து நாள்கணக்கில் தட்டையாக்குவார்கள். காவி, மஞ்சள், கரி, வெள்ளைக் களிமண். தூரிகை என்பது ஒரு குச்சி நுனியில் கட்டிய சில தலைமுடி இழைகள், அவ்வளவே. ஒரு பெரியம்மா அந்த முடியை முழுக்கப் பட்டையில் படுக்க வைத்து மெல்ல இழுத்தார். நூல் கனத்தில் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. மதியம் வரை ஒரு உள்ளங்கை அகலம்தான் நிரம்பியிருந்தது. அந்தப் பட்டை கடைக்கா என்கிற ஸ்ட்ரிங்கிபார்க் வகை யூகலிப்டஸ் மரத்துடையது. பாக்சைட் படிந்த மேட்டுநிலத்தில் நிற்பதும் அதே மரம்தான். தாதுவை எடுக்க முதலில் சாய்ப்பது அதைத்தான்.

கோர்ட்ல தோத்துட்டாங்கன்னும் சொல்றாங்க, நிலம் அவங்களோடதுன்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டுமே சரி. மனுவால் ஆகவில்லை என்றதும் 1968இல் வழக்குப் போட்டார்கள். மிலிர்பும் எதிர் நபால்கோ என்று பெயர். நபால்கோ அன்று சுரங்கம் தொடங்கிய நிறுவனம். 1971 ஏப்ரலில் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்புச் சொன்னார். யோல்ஙு மக்களிடம் நுட்பமான, ஒழுங்கான சட்டமுறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவு ஆங்கிலேயச் சட்டம் ஏற்கும் சொத்துரிமை ஆகாது என்று வழக்கைத் தள்ளினார்.

நாடு முழுக்க அந்தத் தோல்வி உறுத்தியது. அடுத்து வந்த அரசு நீதிபதி உட்வர்டின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அதன் விளைவு 1976இன் வடபிரதேசப் பழங்குடி நில உரிமைச் சட்டம். அதன்படி ஆர்னம் லாந்து விற்கவோ பறிக்கவோ முடியாத உடைமையாக நில அறக்கட்டளையின் பெயரில் அந்த மக்களுக்கு வந்தது. இந்தச் சட்டம், பழங்குடி நிலத்தில் புதிதாகச் சுரங்கம் வர வேண்டுமானால் உரிமையாளர்கள் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரத்தையும் தந்தது. ஆனால் கோவ் சுரங்கத்துக்கு அது செல்லவில்லை. குத்தகை சட்டத்துக்கு முந்தியது. யாருடைய போராட்டத்தால் அந்த அதிகாரம் பிறந்ததோ, அவர்கள் ஊரிலேயே அது செல்லாமல் போனது. என் மனதில் இது ஆறவே இல்லை.

அங்கே வீடு வாங்கலாமா? விலை எப்படி?

நாம் நினைக்கிற மாதிரி மனையோடு கிரயம் செய்ய முடியாது. மேலே சொன்னபடி நிலம் விற்பனைக்கு உரியதல்ல. பெரும்பாலோர் வேலை தருகிறவர் கொடுக்கும் வீட்டிலோ வாடகையிலோ இருக்கிறார்கள். தெரு, தண்ணீர், குப்பை இவற்றைப் பார்ப்பது வழக்கமான நகராட்சி இல்லை. நுலுன்புய் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், சுரங்க நிறுவனத்தின் ஏற்பாட்டில் வந்தது. முதலீடாக நினைத்து வருகிறவர்களுக்கு இது தோதுப்படாது.

ஆலையை மூடினதும் ஊரே காலியாயிடுச்சாமே?

காலியாகவில்லை, ஆனால் நன்றாக அடி வாங்கியது. சுரங்கம் பல கை மாறி 2007இல் ரியோ டின்டோ என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனத்திடம் வந்தது. 2013 நவம்பரில் அலுமினா ஆலையை நிறுத்துவதாக அறிவிப்பு. 1,100 வேலைகள் போயின. 2011இல் 3,933 பேர் இருந்த ஊரில் 2016இல் இருந்தது 3,240 பேர். அவ்வளவு சிறிய இடத்தில் பள்ளிக்கூட வகுப்பு பாதியாவதையும் கடை ஷட்டர்கள் இறங்குவதையும் எல்லோரும் எல்லோருக்காகவும் உணர்ந்ததாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஊர் நின்றதற்குக் காரணம் சுரங்கம் தொடர்ந்தது மட்டுமில்லை. மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகங்கள், சுற்றியுள்ள யோல்ஙு ஊர்களுக்குச் சேவை செய்கிற அமைப்புகள் எல்லாம் இங்கேதான். கிழக்கு ஆர்னம் லாந்துக்கே இதுதான் சந்தை ஊர்.

முதலை, ஜெல்லிமீன்னு பயமுறுத்துறாங்க. குழந்தைகளோட இருக்கலாமா?

இருக்கலாம். கடலில் மட்டும் இறங்கக் கூடாது. உவர்நீர் முதலை நிஜமாகவே உண்டு. மழைக்காலத்தில் பெட்டி ஜெல்லிமீனும் உண்டு. அத்தனை அழகான கடற்கரையைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே நிற்பது முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஊரில் நீச்சல் குளம் இருக்கிறது. புயலுக்கு டிசம்பரிலிருந்தே தண்ணீரும் டார்ச்சும் எடுத்து வையுங்கள். 2015இல் ஒரு மாத இடைவெளியில் லாம், நேதன் என்று இரண்டு புயல்கள் இந்தக் கரைப் பகுதியைத் தாக்கின.

பாட்டில் வாங்கக்கூட அட்டை காட்டணுமாமே?

ஆமாம். 2008 முதல் கடையில் மது வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதி வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி. மதுவால் வீடுகள் சீரழிவதைப் பார்த்த யோல்ஙு குடும்பங்களே கேட்டு வந்த கட்டுப்பாடு.

அவங்களோட எப்படிப் பழகணும்? தப்பா ஏதாவது செஞ்சிடுவேனோன்னு பயமா இருக்கு.

உறவுமுறையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. யோல்ஙு உலகம் முழுவதும் துவா, யிரிட்ஜா என்று இரண்டு பகுதி. மனிதர் மட்டுமில்லை, நிலம், மரம், மீன், காற்று எல்லாமே ஒன்றில் சேரும். பிள்ளைகள் அப்பாவின் பகுதி. கல்யாணம் எதிர்ப்பகுதியில்தான். அதனால் அம்மாவும் தாய்மாமனும் எப்போதும் மறுபகுதி. மரபுப்படி ஆண் மணப்பது தாய்மாமன் வழிப் பெண்ணை. இதைக் கேட்டதும் 'எங்கள் ஊரிலும் மாமன் மகள் முறைதான்' என்று சொன்னேன். அங்கிருந்த பெரியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். 'பலாண்டாக்களுக்கு இதை விளக்க ஒரு வாரம் ஆகும்' என்றார். அவர் என்னை 'யாபா' என்று கூப்பிட ஆரம்பித்தார். யாபா என்றால் சகோதரி. அதோடு அவருடைய உறவினர் அத்தனை பேருக்கும் எனக்கும் முறை வந்துவிட்டது. நாம் தெருவில் யாரையும் அண்ணே, அக்கா என்பது போல வெறும் விளி இல்லை. கொடுக்கல் வாங்கலும் கடமையும் சேர்ந்தது. அங்கே மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் தவிர்ப்பார்கள். அதைக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இறந்தவர் பெயரைக் குடும்பம் அனுமதிக்கும்வரை உச்சரிக்காதீர்கள், படத்தைக் காட்டாதீர்கள். சடங்கு நடக்கும்போது சாலை அடைத்திருந்தால் காத்திருங்கள். கேட்காமல் போட்டோ வேண்டாம். கேள்வி கேட்டதும் பதில் வரவில்லை என்றால் அமைதியாக இருங்கள், யோசித்துச் சொல்வார்கள்.

சுரங்க ராயல்டி கொட்டுதே, அப்ப எல்லாரும் பணக்காரங்கதானே?

இல்லை. நில உரிமைச் சட்டப்படி, சுரங்க ராயல்டிக்கு ஈடான தொகையை மத்திய அரசு ஒரு பொது நிதியில் போடுகிறது. அதில் 30 சதவீதம்தான் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதி மக்களுக்கு. மீதி நில கவுன்சில்களுக்கும் வடபிரதேசத்தின் மற்றப் பழங்குடி மக்களுக்கும். இது தவிர 2011இல் ரியோ டின்டோ மேற்சொன்ன குலங்களோடு 42 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பழைய 42 ஆண்டுக் குத்தகை முடிந்த நேரம் அது. இந்த முறை அவர்களைக் கேட்டுத்தான் போட்டார்கள்.

அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். குமாட்ஜ் மக்கள் மர அறுவை ஆலை நடத்துகிறார்கள். சுரங்கத்துக்காகச் சாய்க்கிற மரங்களைக் கொளுத்தவிடாமல் வீடு கட்டப் பயன்படுத்தினார்கள். 2017இல் குல்குலா என்ற தங்கள் சொந்த பாக்சைட் சுரங்கத்தையே திறந்தார்கள், பயிற்சி மையத்தோடு. இதெல்லாம் இருந்தும், ஒரே வீட்டில் மூன்று நான்கு குடும்பம் நெருக்கியிருப்பதையும், மற்ற ஆஸ்திரேலியாவில் அநேகமாக மறைந்துவிட்ட ருமாட்டிக் இதய நோய் குழந்தைகளுக்கு வருவதையும் அங்கே பார்க்கலாம். ஐம்பது ஆண்டு தாது போன இடம் அது. 'பணக்காரங்கதானே' என்று கேட்பவர்களை யிர்க்கலாவில் ஒரு நாள் இருந்து பார்க்கச் சொல்வேன்.

தாது தீர்ந்தா ஊர் என்னாகும்?

இந்தப் பத்தாண்டின் இறுதியை ஒட்டிச் சுரங்கம் முடியும் என்று நிறுவனமே சொல்லி வருகிறது. அதனால் இது வெறும் யூகக் கேள்வி இல்லை. பழைய ஆலையைப் பிரித்து அப்புறப்படுத்தும் வேலை நடக்கிறது. மண்ணைத் திரும்பப் பரப்பி விதைத்த இடங்களில் கடைக்கா வளர்ந்து நிற்கிறது; ஆனால் பழைய காட்டின் உயரமும், பொந்துகளில் காட்டுத்தேன் கட்டுகிற அளவு முதிர்ந்த மரமும் வர இன்னும் பல தலைமுறை ஆகும்.

அடுத்து என்ன என்ற தேடலில் எல்லாம் கைகூடவில்லை. 2022இல் இங்கே ஒரு தனியார் நிறுவனம் அமைத்த ஏவுதளத்திலிருந்து நாசா மூன்று ஆய்வு ராக்கெட்டுகளை ஏவியது. ஊரே ஆகாயத்தைப் பார்த்து நின்றது. 2024 இறுதியில் அந்த ஏவுதள நிறுவனம் நிலக் குத்தகை அமையாமல் குவீன்ஸ்லாந்துக்குப் போகிறேன் என்றுவிட்டது. இன்னொரு பக்கம், 1999 முதல் ஆகஸ்டில் நடக்கும் கார்மா என்ற யோல்ஙு பண்பாட்டு விழாவுக்குப் பிரதமர்களே வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். ஊர் யார் கையில் இருக்கும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. குத்தகைக்காரர் போனால் நிலம் நிலக்காரரிடம். தெரு, பைப்பு, மருத்துவமனை இவற்றை எந்த நிலையில், யார் செலவில் ஒப்படைப்பது என்பதில்தான் பேச்சு நடக்க வேண்டியிருக்கிறது.

நிலம்தான் திரும்பக் கிடைச்சாச்சே, அப்புறம் எதுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு?

நல்ல கேள்வி, வக்கீல் நண்பர் ஒருவர் கேட்டது. 1976 சட்டம் நிலத்தைத் தந்தது, நடந்ததை அழிக்கவில்லை. அதற்கு முன்பே தாது அரசுடைமை என்று அறிவித்து, குத்தகை கொடுத்து, அள்ளத் தொடங்கிவிட்டார்கள். 1992இல் மாபோ என்ற வழக்கின் தீர்ப்பு, பூர்வீக நில உரிமை ஆங்கிலேயர் வருமுன்பே இருந்தது, சட்டம் அதை ஏற்கிறது என்று சொன்னது. அப்படியானால் பிளாக்பர்ன் 'இல்லை' என்ற உரிமை அப்போதே இருந்திருக்கிறது. இருந்த உரிமையை இழப்பீடு தராமல் அழிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா? 2019இல் குமாட்ஜ் தலைவர் கலர்வுய் யுனுபிங்கு தன் குலத்தின் சார்பில் கேட்டது இதுதான். 1971 வழக்கில் அவருடைய அப்பா வழக்காடியவர்களில் ஒருவர். மகன் அப்போது இளைஞர், மொழிபெயர்ப்பாளராக உதவியவர்.

அவர் 2023 ஏப்ரலில் காலமானார். அடுத்த மாதம் பெடரல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. 2025 மார்ச் 12 அன்று ஆஸ்திரேலியாவின் ஹைகோர்ட், அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம், அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. பூர்வீக நில உரிமை ஒரு சொத்து. வடபிரதேசத்திலும் அதை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்பது முடிவு. மாபோ தீர்ப்பு ஏற்ற உரிமைக்கு இப்போது விலையும் உண்டு. கேட்டிருப்பது 70 கோடி டாலர். ஹைகோர்ட் முடிவு செய்தது கொள்கையை. தொகை கணக்கிடுவது அடுத்த கட்டம்.